கதவே இல்லாத துளைகள்! பிரிண்ட் ஹெட்டுக்குள் இவ்வளவு நடக்கிறது, தெரியுமா?

சிரிஞ்சில் ஒரே ஒரு மில்லி மையை உறிஞ்சிக்கொள்ளுங்கள். அதை எத்தனை துளியாகப் பிரிக்கலாம், சொல்லுங்கள்? மருந்துச் சொட்டுக் கணக்கில் இருபது வரும். நல்ல போட்டோ பிரிண்டர் ஒன்றிடம் கொடுத்துப் பாருங்கள். துளிக்கு 4 பிகோ லிட்டர் என்று வைத்தாலே 25 கோடி துளி! தமிழ்நாட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் மூன்று துளி கொடுத்த பிறகும் மிச்சம் இருக்கும். அத்தனையும் ஒரு மில்லிக்குள்!

ஃப்ளெக்ஸ் கடைக் கணக்கு இதைவிடத் தலைசுற்ற வைக்கும். 10-க்கு 20 அடி பேனர் ஒன்று. கல்யாண மண்டப வாசலில் நிற்கிறதே, அதே அளவுதான். அதை 360-க்கு 720 டி.பி.ஐ.யில் அச்சடித்தால் ஒரு நிறத்துக்கு மட்டும் 746 கோடி புள்ளி இடங்கள். சயான், மெஜந்தா, யெல்லோ, பிளாக் என்று நான்கு நிறத்துக்கும் சேர்த்தால் கிட்டத்தட்ட 3,000 கோடி! ஒவ்வொரு இடத்திலும் துளி விழ வேண்டுமா, வேண்டாமா என்று இயந்திரம் முடிவெடுத்தாக வேண்டும். மத்தியானம் ஆர்டர் கொடுத்து சாயங்காலம் பேனரை வாங்கிப் போகிறோம்!

இவ்வளவையும் போடுவது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பிரிண்ட் ஹெட்தான். ஃப்ளெக்ஸ் மெஷின்களில் ஓடும் கோனிகா மினோல்டா 512 வகை ஹெட்டில் 512 நாசில்கள், அதாவது மை தெறிக்கும் துளைகள். பல வருடங்களாக வினைல், போட்டோ பிரிண்டர்களில் கோலோச்சிய எப்சன் டி.எக்ஸ்.5 ஹெட்டில் 1,440. இப்போது எங்கும் பேசப்படும் ஐ3200-இல் பெயரிலேயே இருக்கிறது, 3,200! போட்டோ தரத்துக்கான ஹெட்டில் ஒரு நாசிலின் வாய் சுமார் 20 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான். அதாவது அந்தத் துளைக்குள் உங்கள் முடியே நுழையாது.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் இது. அந்தத் துளைகளுக்கு மூடி கிடையாது! வால்வு கிடையாது, கதவு கிடையாது. உள்ளே மை, வெளியே காற்று, நடுவில் எதுவுமே இல்லை. துளை கீழே பார்த்தபடி தொங்குகிறது. பிறகு ஏன் மை ஒழுகவில்லை?

மையின் மேற்பரப்பு இழுவிசைதான் காரணம். துளையின் வாயில் மை உள்பக்கமாக லேசாகக் குழிந்து ஒரு வளைவாக நிற்கிறது. துளை சிறியதாக ஆக ஆக அந்த வளைவின் பிடி கூடும். 20 மைக்ரான் துளையில் அது ஏறக்குறைய அரை மீட்டர் உயர நீர்த்தூணின் அழுத்தத்துக்கு ஈடுகொடுக்கும்! அதோடு மை டேங்கிலிருந்து மிக லேசாகப் பின்னிழுக்கும் ஓர் உறிஞ்சலும் இருக்கிறது. கடைக்காரர்கள் ‘நெகட்டிவ் பிரஷர்’ என்று சொல்வது இதைத்தான். சில அங்குல நீர்த்தூண் அளவுக்குத்தான் இருக்கும். அது குறைந்தால் மை சொட்டும், கூடினால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே ஒரு நூலிழையில் நிற்கிறது மொத்த அச்சும்.

ஹெட் பராமரிப்பு என்று நாம் செய்யும் எல்லாமே, யோசித்துப் பார்த்தால், இந்த ஒரே ஒரு மை வளைவைப் பாதுகாக்கும் வேலைதான். அது காயக் கூடாது, உடையக் கூடாது, அதில் தூசி ஒட்டக் கூடாது. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பது தானாக விளங்கும். பல ஹெட்டுகள் மையால் சாவதில்லை, அவசரக் கைகளால்தான் சாகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

சர்க்கரையிலும் மின்சாரம்!

கேஸ் அடுப்பு லைட்டரை ‘டிக்’கென்று அழுத்துகிறோம், பொறி பறக்கிறது. அதில் பேட்டரியே இல்லை, கவனித்தீர்களா? உள்ளே ஒரு சிறு பீங்கான் துண்டு இருக்கிறது. அழுத்தி அடித்தால் அதில் மின்சாரம் பிறக்கும். ‘பியசோ’ எனப்படும் இந்தக் குணத்தை 1880-இல் கண்டுபிடித்தவர்கள் பிரான்ஸின் பியர் கியூரி, ஜாக் கியூரி சகோதரர்கள். குவார்ட்ஸ், டூர்மலின் என்று படிகம் படிகமாக அழுத்திப் பார்த்தார்கள். அந்தப் பட்டியலில் கரும்புச் சர்க்கரையும் உண்டு!

அழுத்தினால் மின்சாரம் என்றால், மின்சாரம் கொடுத்தால் அது உருவம் மாற வேண்டுமே? 1881-இல் கேப்ரியல் லிப்மன் இதைக் கணக்குப் போட்டே சொல்லிவிட்டார். கியூரி சகோதரர்கள் செய்து பார்த்தார்கள், சரியாக இருந்தது. இன்று ஃப்ளெக்ஸ் மெஷினின் ஹெட்டுக்குள் நடப்பது அதுவேதான். ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் கலந்த பீங்கான் சுவர் ஒவ்வொரு மின்துடிப்புக்கும் அசைகிறது. எவ்வளவு தூரம்? ஒரு மைக்ரான்கூட இல்லை! ஆனால் அந்த நுணுக்கமான அசைவு மைக்குள் ஓர் அழுத்த அலையைக் கிளப்ப, துளையிலிருந்து ஒரு துளி தெறித்துப் பறக்கிறது. வினாடிக்குப் பல ஆயிரம் முறை, ஒவ்வொரு நாசிலிலும்!

மையைத் துளையிலிருந்து பீய்ச்சி எழுதும் கருவிக்கு 1951-இல் காப்புரிமை பெற்றவர் யார் தெரியுமா? சுவீடனின் ரூனே எல்ம்க்விஸ்ட். அச்சுத் தொழிலுக்காக அவர் அதைச் செய்யவில்லை. இதயத் துடிப்பைத் தாளில் வரைய, ஈ.சி.ஜி. எடுக்கச் செய்தார்! அதே மனிதர்தான் 1958-இல் உடலுக்குள் பொருத்தப்பட்ட முதல் பேஸ்மேக்கரையும் உருவாக்கினார்.

ஜப்பானில் கேனான் ஆய்வகத்தில் 1977-இல் நடந்ததோ முழுக்க முழுக்கத் தற்செயல். சூடான சால்டரிங் அயர்ன் தவறுதலாக மை நிரப்பிய ஊசியில் பட்டது. ஊசி முனையிலிருந்து மை சட்டென்று பீறிட்டது! பார்த்துக்கொண்டிருந்த ஆய்வாளர் இச்சிரோ எண்டோ விடவில்லை. சூடு, குமிழ், துளி என்ற வரிசையே ‘பபிள் ஜெட்’ ஆயிற்று. அமெரிக்காவில் எச்.பி. நிறுவனத்தாரும் தனியாக இதே வழியைக் கண்டுபிடித்து 1984-இல் திங்க்ஜெட் பிரிண்டரைக் கொண்டுவந்தார்கள். இவ்வகை ஹெட்டில் ஒரு நுண் ஹீட்டர் கண்சிமிட்டும் நேரத்துக்கும் வெகு முன்பே சுமார் 300 டிகிரிக்குச் சூடாகிறது. அங்கே பிறக்கும் ஆவிக்குமிழ் துளியைத் தள்ளுகிறது.

இரண்டு வழி, இரண்டு குணம். சூட்டில் ஓடும் ஹெட் தேயும். அதனால் எச்.பி.யின் பெரிய பிரிண்டர்கள் பலவற்றில் அதை நாமே கழற்றி மாட்டிக்கொள்ளலாம். பியசோ ஹெட்டோ வருடக்கணக்கில் உழைக்கப் பிறந்தது, விலையும் அதற்கேற்ப. எப்சன் 1993-இல் தன் ‘மைக்ரோ பியசோ’ ஹெட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து, ‘அதை எப்படிக் காப்பாற்றுவது’ என்பது ஒரு தனி வித்தையாகவே வளர்ந்துவிட்டது.

அச்சடிக்காதபோதும் ஆடிக்கொண்டே இருக்கும்!

பிரிண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் படத்தில் மஞ்சளே இல்லை என்று வைத்துக்கொள்வோம். மஞ்சள் நாசில்கள் சும்மா இருக்கின்றனவா? இல்லவே இல்லை! துளி தெறிக்காத அளவுக்கு மிக லேசான மின்துடிப்பு அவற்றுக்கும் போய்க்கொண்டே இருக்கும். துளையின் வாயில் நிற்கும் மை வளைவு நடுங்கிக்கொண்டே இருக்கும். ஏன்? அசையாமல் நின்றால் பாலில் ஏடு படிவதைப் போல அந்தச் சின்ன வாயிலும் மை ஏடு கட்டிவிடும். நீர் கலந்த மைக்கு அதற்குச் சில வினாடிகளே போதும். அந்த நடுக்கம் வாயில் நிற்கும் கெட்டி மையை உள்ளிருக்கும் புது மையோடு கலந்துவிடுகிறது.

அதுவும் போதாது என்று, ஹெட்டைச் சுமந்து ஓடும் கேரேஜ் ஓரத்துக்குப் போகும்போதெல்லாம் ஒவ்வொரு நாசிலும் சில துளிகளைத் துப்பிவிட்டு வரும். மைக்குள்ளேயும் ஏற்பாடு உண்டு. இருமல் மருந்திலும் சோப்பிலும் இருக்கிறதே கிளிசரின், அதுவோ அதன் உறவுக்காரப் பொருளோ நீர் மைகளில் கலந்திருக்கும். ஈரத்தை விடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை.

வேலை முடிந்ததும் ஹெட் போய் உட்காரும் ரப்பர் மெத்தைதான் கேப்பிங் ஸ்டேஷன். பலர் அதைச் சீண்டுவதே இல்லை, எனக்கு அதில் பெரிய வருத்தம். அந்த ரப்பரின் விளிம்பில் காய்ந்த மை ஒரு திட்டாக ஒட்டியிருந்தாலே போதும், காற்று புகும், இரவு முழுக்க ஹெட் காயும். இன்னொன்று, க்ளீனிங் கொடுக்கும்போது கீழேயுள்ள பம்ப் உறிஞ்சுவது இந்த மெத்தை வழியாகத்தான். விளிம்பு சரியாக ஒட்டாவிட்டால் பம்ப் மையை உறிஞ்சாது, வெறும் காற்றைத்தான் உறிஞ்சும். பத்து முறை க்ளீனிங் கொடுத்தும் ‘ஹெட் போச்சு’ என்று கைவிடப்பட்ட இயந்திரங்களில் குற்றவாளி இந்தச் சின்ன ரப்பராக இருப்பதுண்டு. சோதிக்கவும் எளிது. கேப்பில் க்ளீனிங் திரவத்தை விளிம்புவரை விட்டுப் பாருங்கள். பம்ப் ஓடாதபோது அது அப்படியே நிற்க வேண்டும். பம்ப் ஓடும்போது சரசரவென்று இறங்க வேண்டும்.

அடைப்பு என்று நினைத்தது காற்று!

காலை நேரம். ஃப்ளெக்ஸ் கடையின் ஷட்டர் பாதி திறந்திருக்கிறது. சால்வென்ட் வாடை மூக்கைத் துளைக்கிறது. மெஷினில் முதல் வேலை டெஸ்ட் பிரிண்ட். ஒவ்வொரு நாசிலும் ஒரு சின்னக் கோடு போட வேண்டும். படிக்கட்டு மாதிரி வரிசையாக நிற்கும் கோடுகளில் எது விடுபட்டிருக்கிறதோ அந்த நாசில் பேசவில்லை.

“அண்ணே, மெஜந்தாவுல நாலு கோடு விழல. இன்னொரு தடவ பர்ஜ் அடிக்கட்டா?”

“இரு தம்பி. மொதல்ல எடுத்த டெஸ்ட்ட எடுத்துப் பக்கத்துல வை. அதே எடமா, எடம் மாறுதா?”

“மாறுதுண்ணே. அப்ப மேல ரெண்டு போச்சு, இப்ப கீழ நாலு.”

“அப்ப அது அடைப்பு இல்ல, காத்து. சப் டேங்க்ல மை எவ்வளவு நிக்குதுன்னு பாரு. டியூப்ல குமிழ் ஓடுதா பாரு. சும்மா பர்ஜ் அடிச்சா மைதான் வீணாப் போகும்.”

பர்ஜ் என்பது அழுத்தம் கொடுத்து மையைத் துளை வழியே வெளியே தள்ளுவது. இந்த நான்கு வரிப் பேச்சுக்குள் எவ்வளவு பெரிய அறிவு இருக்கிறது, பாருங்கள்! ஒவ்வொரு டெஸ்ட்டிலும் அதே கோடு விடுபட்டால் அந்தத் துளையில் ஏதோ காய்ந்து நிற்கிறது. இடம் மாறி மாறி விடுபட்டால் காற்று, அல்லது மை போதுமான அளவு வந்து சேரவில்லை. அச்சடிக்க ஆரம்பிக்கும்போது நன்றாக இருந்து போகப் போக நிறம் மங்கினால், ஹெட்டுக்கு மை போகும் வழியிலுள்ள டேம்பரிலோ ஃபில்டரிலோ மை திணறுகிறது. கோடு விழுகிறது, ஆனால் சாய்ந்து விழுகிறது என்றால் துளையின் ஓரத்தில் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டு துளியைத் திசைதிருப்புகிறது. நான்கும் நான்கு நோய், மருந்தும் வேறு வேறு!

காற்றுக் குமிழ் ஏன் இவ்வளவு பெரிய எதிரி? பியசோ சுவர் தள்ளும் அலையை மை அப்படியே கடத்தும், ஏனென்றால் திரவம் எளிதில் சுருங்காது. குமிழோ சுருங்கிவிடும். அலையின் வலுவையெல்லாம் அதுவே வாங்கிக்கொள்ளும். துளிக்கு எதுவும் மிஞ்சாது. இதில் இன்னொரு கூத்து! குமிழ் உள்ளே இருக்க, நாம் விடாமல் அச்சடித்தால், அழுத்தம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் மையில் கரைந்திருக்கும் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் குமிழுக்குள் சேர்ந்து அது வளரும்! நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓசே நிறுவனத்தோடு சேர்ந்து ஹெட்டுக்குள் குமிழ் எப்படிச் சிக்குகிறது, எப்படி வளர்கிறது என்பதையெல்லாம் ஆராய்ந்து 2006 முதலே கட்டுரைகளாக வெளியிட்டிருக்கிறார்கள். அதனால்தான் உயர்ரக மைகளைக் காற்று நீக்கி அடைக்கிறார்கள். மை பாட்டிலைக் கண்டபடி குலுக்கி உடனே ஊற்றக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

அப்படியென்றால் மருந்து? ஒன்றுமே செய்யாமல் இருப்பது! ஆம், நிஜமாகவே. இரண்டு மூன்று க்ளீனிங்குக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால், ஹெட்டைக் கேப்பில் உட்காரவைத்துச் சில மணி நேரம், முடிந்தால் இரவு முழுவதும், விட்டுவிடுங்கள். மிகச் சிறிய குமிழுக்குள் அழுத்தம் மிக அதிகம். அந்த அழுத்தமே உள்ளிருக்கும் காற்றை மைக்குள் கரையவைத்துவிடும். குமிழ் தானாக மறைந்துபோகும். காலையில் வந்து டெஸ்ட் எடுத்தால் பெரும்பாலும் எல்லாக் கோடும் பளிச்சென்று நிற்கும்!

பஞ்சு இழையும் துளையும் ஒரே அளவு!

மருந்துக்கடையில் வாங்கும் காது குடையும் பஞ்சால் ஹெட்டைத் துடைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். ஒரு பருத்தி இழையின் அகலம் 12 முதல் 20 மைக்ரான். நாசிலின் வாய் 20 மைக்ரான். அதாவது பஞ்சிலிருந்து பிரியும் ஒவ்வொரு இழையும் அந்தத் துளைக்குள் போய் உட்காரக் கச்சிதமான அளவில் இருக்கிறது! அதனால்தான் இழை உதிராத ஃபோம் ஸ்வாப் மட்டும்.

கைதேர்ந்த ஆபரேட்டர் ஒருவர் துடைப்பதை நிறைய நேரம் நின்று பார்க்கலாம். கேரேஜை நடுவுக்குக் கொண்டுவருவார். ஒரு சின்ன பர்ஜ். நாசில் தகட்டில் மை முத்து முத்தாகக் கோர்த்து, ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரு கனத்த கோடாகத் தொங்கும். சில வினாடி காத்திருப்பார். அந்த நேரத்தில் தொங்கும் மையே ஓரத்தில் காய்ந்திருப்பதை ஊறவைத்துவிடும், பாதியை ஹெட்டே மேலே இழுத்துக்கொள்ளும். பிறகு, க்ளீனிங் திரவத்தில் நனைத்த ஸ்வாப்பைத் தகட்டில் அழுத்தாமல், ஒரே திசையில் ஒரே ஒரு இழுப்பு. முன்னும் பின்னும் தேய்ப்பதே கிடையாது. அடுத்த நிறத்துக்கு வேறு ஸ்வாப். அவ்வளவுதான்!

ஏன் தேய்க்கக் கூடாது? தகட்டின் மேல் மையை ஒட்டவிடாத ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. அது இருக்கும்வரைதான் மை துளைக்குள்ளேயே அடங்கி நிற்கும். பூச்சு போனால் மை தகட்டில் பரவி, தூசியைப் பிடித்து, பக்கத்துத் துளியையும் இழுத்து வளைக்கும். இன்று அழுத்தித் தேய்த்துத் திறந்த ஒரு நாசிலுக்காக நாளை பத்து நாசில் சாயும். மெஷினே தகட்டைத் துடைக்கப் பயன்படுத்தும் வைப்பர் ரப்பர் காய்ந்து விறைத்திருந்தால் அதுவும் இதே நாசத்தைத் தினமும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கும். ஆகவே ஹெட்டைத் துடைப்பதற்கு முன்னால் வைப்பரைத் துடையுங்கள்.

சிரிஞ்ச் வைத்து வேகமாகக் குத்துவது அடுத்த ஆபத்து. மைக்ரானுக்கும் குறைவாக அசையப் பிறந்த மெல்லிய சுவர்கள் அவை. நம் கட்டைவிரலின் வேகம் அங்கே பேரிடி! மெதுவாக, திரவம் தன் எடையிலேயே இறங்கும் அளவுக்கு மட்டும் விட வேண்டும். அல்ட்ராசோனிக் தொட்டியும் அப்படித்தான். அதில் வெடிக்கும் நுண்குமிழ்கள் காய்ந்த மையை மட்டும் பிரித்துவிட்டு நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, பூச்சையும் பசையையும்கூடப் பிரிக்கும். வேறு வழியே இல்லாத ஹெட்டுக்கு மட்டும், சில வினாடிகள் மட்டும், தகடு மட்டும் நனையும்படி.

இன்னும் ஒன்று, தயவுசெய்து மறக்காதீர்கள். ஹெட்டில் போய்ச் சேரும் பட்டைக் கேபிளில் ஒரு சொட்டு மை அல்லது திரவம் ஒட்டியிருக்க மின்சாரம் போட்டால், ஹெட்டும் போர்டும் சேர்ந்து கருகிவிடும். ஈரம் முழுக்கக் காய்ந்ததா என்று பார்க்கச் செலவாகும் பத்து நிமிடம் மிச்சப்படுத்தும் பணம் கொஞ்சநஞ்சமல்ல.

ஒவ்வொரு மைக்கும் ஒரு குணம்

வெள்ளை மைக்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்ஸைடு. தண்ணீரைவிட நான்கு மடங்கு கனம்! சும்மா விட்டால் அடியில் போய் உட்காரும். அதனால்தான் வெள்ளை மை ஓடும் இயந்திரங்களில் அதைக் கலக்கவும் சுற்றவிடவும் தனி ஏற்பாடு, தினமும் மெதுவாகக் கலக்கிவிடும் வழக்கம் எல்லாம்.

யு.வி. மை காய்வதே இல்லை, தெரியுமா? புற ஊதா ஒளி பட்டால் நொடியில் பிளாஸ்டிக்காக மாறும், படாவிட்டால் திரவமாகவே இருக்கும். அந்த ஒளி சூரியனிலும் இருக்கிறதே! ஜன்னல் வழியே வந்து பளபளப்பான பொருளில் பட்டுத் திரும்பும் வெயில் போதும், நாசில் வாயில் மை கெட்டித்துவிட. பிறகு எந்த சால்வென்ட்டும் அதைக் கரைக்காது. அதனால் கறுப்பு பாட்டில், கறுப்பு டியூப், ஜன்னலுக்குத் திரை. இந்த மையைக் கெட்டியாகாமல் காப்பதில் காற்றிலுள்ள ஆக்ஸிஜனுக்கும் பங்கு உண்டு! பாட்டிலை விளிம்புவரை நிரப்பாமல் மேலே இடம் விடுவதன் ரகசியம் அது.

ஃப்ளெக்ஸ் சால்வென்ட் மைகள் பலவற்றில் இருக்கும் சைக்ளோஹெக்ஸனோன்தான் நைலான் தயாரிப்புக்கும் மூலப்பொருள். சுமார் 44 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவியை விடும் திரவம் அது. அக்னி நட்சத்திர வெயிலுக்கு அது எட்டாத உயரமில்லை! ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள். ஆயுத பூஜையன்று மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போடுவது நம் ஊர் வழக்கம், மனதுக்கு நிறைவாக இருக்கும். பொட்டைப் பக்கவாட்டுத் தகட்டில் வையுங்கள், விபூதித் தூள் கேரேஜ் பக்கம் பறக்க வேண்டாம், கற்பூரத்தை வாசலில் காட்டுங்கள்.

மைக்கு மை க்ளீனிங் திரவமும் வேறு. சால்வென்ட் ஹெட்டில் தண்ணீர் விட்டால் மை திரிந்து சேறாகும். நீர் மை ஹெட்டில் குழாய்த் தண்ணீர் விட்டால் அது காய்ந்த பிறகு உப்பு துளையிலேயே தங்கிவிடும். நம் ஊர் போர்வெல் தண்ணீர் பாத்திரத்தில் விடும் வெள்ளைக் கறையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டிஸ்டில்டு வாட்டர்தான் சரி.

கரண்ட் கட்! இதைவிட ஹெட்டுக்கு விரோதி நம் ஊரில் எது? பாதி பாஸில் கேரேஜ் நின்றுவிடும், கேப்புக்குப் போக முடியாது, மேலே மின்விசிறிகூட ஓடாத வெக்கையில் நாசில் திறந்தபடி காயும். நெகட்டிவ் பிரஷரைப் பம்ப் கொடுக்கும் மெஷின்களில் நிலைமை இன்னும் மோசம். பம்ப் நின்றதும் பிடி தளர்ந்து நாசில் நாசிலாக மை சொட்டத் தொடங்கிவிடும், போட்டிருந்த ஃப்ளெக்ஸும் பாழ். யு.பி.எஸ். வாங்கும் காசை மிச்சம் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதேபோல, ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் பழக்கமும். பல பிரிண்டர்கள் சும்மா இருக்கும்போது தாங்களே அவ்வப்போது விழித்து நாசில்களைப் பார்த்துக்கொள்ளும். அதற்கு மின்சாரம் வேண்டாமா?

ஏசி அறையின் வறண்ட காற்றும் தொல்லை. ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே போனால் மை சீக்கிரம் காய்வதோடு, உருளையில் உரசி வரும் பி.வி.சி. ஷீட்டில் நிலைமின்சாரம் ஏறும். துளியைவிட நுணுக்கமான மைத்தூசி அந்த மின்சாரத்தால் அலைக்கழிந்து திரும்பி வந்து நாசில் தகட்டிலேயே ஒட்டும்!

ஹெட்டே தன் நோயைக் கேட்கும்!

அழுத்தினால் மின்சாரம், மின்சாரம் கொடுத்தால் அசைவு. இந்த இரண்டு குணமும் ஒரே பீங்கானில் இருப்பதால் நடக்கும் விந்தை இது. துளியைத் தள்ளிய அடுத்த கணமே மைக்குள் மிஞ்சியிருக்கும் அதிர்வு பியசோ சுவரைத் திருப்பி அழுத்துகிறது. அதில் ஒரு நுண்ணிய மின்னோட்டம் பிறக்கிறது. நல்ல நாசிலின் அதிர்வு ஒரு மாதிரி, குமிழ் சிக்கிய நாசிலின் அதிர்வு வேறு மாதிரி. எப்சனின் சில பெரிய மாடல்கள் இந்த எதிரொலியை வைத்தே எந்த நாசில் பேசவில்லை என்று கண்டுபிடிக்கின்றன. தாளே வேண்டாம்! எச்.பி. வேறு வழி பிடித்தது. பறக்கும் துளி ஒளிக்கற்றையை ஒரு கணம் மறைக்கிறதா என்று பார்க்கிறது. மறைக்கவில்லை என்றால் அந்த நாசிலின் வேலையைப் பக்கத்து நாசில்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது.

பீங்கான் டைல்ஸில் அச்சடிப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அரைத்த கல்பொடிக்குச் சமமான நிறமி கலந்த மை அது, நின்றால் படியும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்த ஸார் நிறுவனம் 2007-இல் கொண்டுவந்த 1001 ஹெட்டில் மை நாசிலின் முதுகை உரசியபடி ஓடிக்கொண்டே இருக்கும், நிற்பதே கிடையாது. குமிழும் துணுக்கும் ஓட்டத்தோடு அடித்துக்கொண்டு போய்விடும்.

ஹெட்டுக்கும் ஷீட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பற்றி ஒன்று. 2 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் விழும் துளி கீழே சேர, வினாடியில் மூவாயிரத்தில் ஒரு பங்கு போதும். அதற்குள்ளேயே ஓடும் கேரேஜ் அதை மூன்றில் ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் தள்ளிவிடும்! அதைக் கணித்துத்தான் மெஷின் முன்கூட்டியே துளியை விடுகிறது. உயரத்தை மாற்றினால் அலைன்மென்ட்டையும் மாற்ற வேண்டும். இசைக்கலைஞர் கிரஹாம் நேஷ் 1991-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய நேஷ் எடிஷன்ஸ் கூடத்தில், தடித்த ஓவியத் தாள் போவதற்காக 1,26,000 டாலர் விலையுள்ள ஐரிஸ் என்ற இங்க்ஜெட் பிரிண்டரின் ஹெட் பகுதியையே அறுத்துப் பின்னுக்குத் தள்ளினார்கள். வாரன்டி அன்றோடு போயிற்று! உயரம் போதாவிட்டால் ஷீட்டின் ஓரச் சுருக்கம் ஹெட்டில் உரசிவிடும்.

கடைசியாக, இன்றே செய்து பார்க்கக்கூடிய ஒன்று. டெஸ்ட் பிரிண்டில் மஞ்சள் கோடுகள் எண்ணவே முடியாமல் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன, இல்லையா? வெள்ளைத் தாளில் மஞ்சள் மங்கித்தான் தெரியும். பாதி நாசில் போயிருந்தாலும் கவனிக்காமல் விட்டுவிடுவோம், பேனரில் பச்சை நீலமாக வந்த பிறகுதான் உறைக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு நீல எல்.இ.டி. விளக்கைத் தாளின் மேல் காட்டுங்கள். மஞ்சள் மை நீல ஒளியை விழுங்கிவிடும். ஒவ்வொரு மஞ்சள் கோடும் கன்னங்கரேலென்று எழுந்து நிற்கும், விடுபட்ட இடத்தை விரல் வைத்து எண்ணலாம்!